செண்பகத்தின் மேல் கடைவாய்ப் பல்

பல்லைப் பிடுங்கிய அன்று அந்த அறையில் இருந்தவர்கள் ஆறு பேர். கட்டிலில் என் மகள் செண்பகம், வயது எட்டு. தலைமாட்டில் ஆஸ்பத்திரி டாக்டரம்மா. வலது பக்கம் பல் டாக்டர். வெந்நீர்த் தட்டைப் பிடித்துக்கொண்டு நர்ஸ் எஸ்தர். கால்மாட்டில் நான். கதவோரம் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு என் வீட்டுக்காரி பிச்சம்மாள். ஏழாவது ஆள் கிடையாது.

இவ்வளவு கணக்காகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அன்றைக்கு நேரில் பார்த்தேன் என்று பிற்பாடு சொன்னவர்களை எண்ணினால் குற்றாலத்திலும் தென்காசியிலுமாக முப்பது பேர் தேறுவார்கள். பிச்சம்மாளின் தம்பி கணபதி அந்த நேரத்தில் செங்கோட்டை பஸ்ஸில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தான். அவன்தான் எல்லாரையும்விட விவரமாகச் சொல்லுவான். "குறடு வச்சு இழுத்தாவ பாத்துக்கிடுங்க, பல்லோட சேந்து கண்ணு நரம்பும் நூலு மாதிரி உருவிக்கிட்டு வந்துட்டு" என்பான். அப்படி எதுவும் வரவில்லை. என்ன நடந்தது என்று நான் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பிள்ளை வைத்திருக்கிறவர்கள் மட்டும் கடைசிவரை படித்துவிடுங்கள்.

குற்றாலத்தில் அருவிக்குப் போகிற பாதையில் சீசன்காரர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவது என் தொழில். சாரல் விழுகிற மூன்று மாதம்தான் வரும்படி. நயா பைசா வந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. அப்போதும் நான் அணாவில்தான் கணக்குப் பார்ப்பேன். செண்பகம் என் எண்ணெய்க் கிண்ணத்துக்குக் காவல் இருப்பாள். குளித்துவிட்டு வருகிறவர்கள் அவள் கையில் மிட்டாயோ அல்வாத் துண்டோ வைப்பார்கள். "வாங்கிக்கோட்டி" என்பேன் நானும். மத்தியானச் சோற்றில் ஒரு பிடி மிச்சம் என்று நினைத்ததும் உண்டு.

அந்தப் பல் இடது பக்கம் மேல் வரிசையில், வாயின் கடைசியில் ஆறு வயதில் முளைத்தது. முன்பல் விழுந்து முளைக்கிற வயசு ஆகையால் அதையும் பால் பல் என்றே எண்ணினோம். அதில் கறுப்பாக ஒரு பொட்டு விழுந்து குழியானபோது, எப்படியும் விழப்போகிற பல்தானே என்று விட்டுவிட்டோம். அது சாகும்வரை இருக்கவேண்டிய பல்லாம். எந்தப் பல்லும் விழாமல், எல்லாவற்றுக்கும் பின்னால் தனியாக முளைக்குமாம். எங்கள் தெருவில் அது யாருக்கும் தெரியாது.

வலி வந்ததும் முதலில் கிராம்பு வைத்தோம். பிறகு இலத்தூரிலிருந்து பல்லுப்புழு எடுக்கிறவளை வரவழைத்தோம். கண்டங்கத்திரி விதையை நெருப்பில் போட்டு, ஓட்டைச் சட்டியால் மூடி, அந்தப் புகையைப் பிள்ளையின் வாய்க்குள் ஏற்றினாள். செண்பகம் இருமி இருமி மூக்கில் நீர் வடித்தாள். கீழே வைத்திருந்த தண்ணீர்த் தட்டில் வெள்ளையாக ஏழு புழு கிடந்தது.

"பாத்தியளா, ஏழு! இன்னும் ரெண்டு உள்ள கெடக்கு. அடுத்த செவ்வாக்கெழம வாரேன்" என்றாள்.

நான் அந்தத் தட்டைத் தெரு முழுவதும் காட்டினேன். சூடுபட்டு வெடித்த விதையின் முளை அப்படித்தான் இருக்கும் என்று டாக்டரம்மா பிற்பாடு சொன்னார். ஆனால் வலி நான்கே நாளில் நின்றுவிட்டது. அதுதான் எங்களை ஏமாற்றியது. பல்லுக்குள் இருக்கிற நரம்பு செத்துப்போனால் வலி நிற்குமாம். வீட்டில் காவல் நாய் செத்ததும் சத்தம் அடங்குகிற மாதிரி. திருடன் உள்ளேதான் இருக்கிறான்.

ஈறில் கொப்புளம் கண்டபிறகு பிச்சம்மாள் பிடிவாதம் பிடித்தாள். தென்காசி ரத வீதியில் ஜவுளிக்கடை மாடியில் ஒரு பல் டாக்டர் இருந்தார். நாகர்கோவில் பக்கத்து ஆள், முப்பது வயது இருக்கும். பெஞ்சில் ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். உள்ளே ஒரு பையன் போட்ட கூச்சலில் நான் மாடிப்படிப் பக்கம் நகர்ந்துவிட்டேன். செண்பகம் நகரவில்லை.

"உம் பேரு செண்பகமா? அப்போ உம் பேரு வச்ச அருவியிலேருந்து நேரா குதிச்சு வந்துட்டியா?" என்று கேட்டு, காலால் எதையோ மிதித்தார். நாற்காலி அவளோடு மேலே ஏறியது. அவள் சிரித்துவிட்டாள்.

வாயைப் பார்த்து முடித்து, "வேர்ல சீழ் வச்சிருக்கு. இன்னைக்கே எடுத்துருவோம்" என்றார்.

"பால் பல்லுதானங்கய்யா? தானா விழுந்துராதா?"

"விழாது. இது நெலைக்கிற பல்லு. மரத்துப்போக ஊசி போட்டுருவேன், எறும்பு கடிச்சாப்ல இருக்கும், அவ்வளவுதான்."

"மேல் பல்லுல்லாங்கய்யா..."

"ஆமா, மேல் பல்லு. அதுக்கென்ன?"

"மேல் பல்லப் பிடுங்குனா கண்ணுக்கு ஆவாதும்பாவ."

டாக்டர் சிரித்தார். திறந்திருந்த கதவுக்கு வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் ஒருவரும் சிரிக்கவில்லை. "கண்ணுக்குப் போற நரம்பு வேற, பல்லுக்குப் போற நரம்பு வேற. எடுத்தா ஒண்ணும் ஆகாது. விட்டுவச்சாத்தான் பயம்" என்றார்.

கடைசியாகச் சொன்னது என் காதில் விழுந்தது. மனசில் ஏறவில்லை. செண்பகம் வாயைத் திறந்தபடியே கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பி, "அப்பா, பிடுங்கட்டும். எனக்குப் பயம் இல்ல" என்றாள்.

"எறங்குட்டி" என்றேன்.

அவள் இறங்கவில்லை. நான்தான் கையைப் பிடித்து இறக்கினேன். வெள்ளிக்கிழமை வருகிறோம் என்று டாக்டரிடம் சொன்னேன்.

மாடிப்படியில் பிச்சம்மாள், "புள்ளையே சரின்னுட்டா. ஒங்களுக்கு என்ன வந்துச்சு?" என்றாள்.

"பொட்டப்புள்ளைக்குக் கண்ணு போச்சுன்னா எவன்டி கெட்டுவான்?"

நான் பிறவியிலேயே பயந்தவன். ஒரு காரியத்தை ஒன்பது பேரிடம் கேட்காமல் செய்யமாட்டேன். என் தொழிலில் கேட்பதற்கு ஆள் பஞ்சமும் இல்லை. தலையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பவர் பதில் சொல்லித்தானே ஆகவேண்டும்? அந்த வாரம் எண்ணெய் தேய்த்துக்கொண்டே எல்லாரிடமும் கேட்டேன்.

கோவில்பட்டி மளிகைக்கடைக்காரர் ஒருவர், "எஞ் சித்தப்பாவுக்கு மேல் பல்லு ரெண்டு எடுத்தாவ. ஒரே மாசத்துல கண்ணு மங்கிப்போச்சு" என்றார்.

"அவியளுக்கு வயசு என்ன அண்ணாச்சி?"

"எழுவத்திரண்டு."

மங்கியதைப் பிடித்துக்கொண்டேன். எழுபத்திரண்டை விட்டுவிட்டேன்.

மதுரை வக்கீல் ஒருவர், "மடத்தனமாப் பேசாதய்யா. போய் எடு. எனக்கே ரெண்டு மேல் பல்லு எடுத்திருக்கு" என்று திட்டினார். குளித்துவிட்டு வந்ததும் அவர் முதல் காரியமாகக் கண்ணாடியைத் தேடி மாட்டினார். எனக்கு அதற்குமேல் சாட்சி தேவைப்படவில்லை.

வெள்ளிக்கிழமை போனது. அடுத்த வெள்ளியும் போனது. வலி வந்தபோதெல்லாம் செங்கல் துண்டைச் சுட்டுத் துணியில் சுற்றிக் கன்னத்தில் ஒத்தடம் கொடுத்தோம். அது செய்யக்கூடாத காரியமாம். உள்ளே இருக்கிற சீழ் சூட்டுக்கு இளகி வழி தேடுமாம். அவள் கைகளை நான் பிடித்துக்கொள்வேன், பிச்சம்மாள் ஒத்துவாள். "சுடுதுப்பா, சுடுதுப்பா" என்பாள். "பொறுத்துக்கோ, கண்ணுக்காகத்தான் செய்யுதோம்" என்பேன்.

பல் டாக்டரிடம் போய்வந்த பதிமூன்றாம் நாள் விடிந்தபோது அவள் இடது கண் மூடியிருந்தது. கன்னமும் இமையும் ஒரே வீக்கமாகப் பளபளத்தது. விரலால் இமையைப் பிரித்துப் பார்த்தேன். விழி முன்னுக்குத் தள்ளிக்கொண்டு, மேலேயும் கீழேயும் அசையாமல் நின்றது. உடம்பு அடுப்பாகக் கொதித்தது.

கணபதி தன் பஸ்ஸிலேயே ஏற்றிக்கொண்டு போனான். பின்சீட்டுக்காரர்களை எழுப்பிவிட்டு அவளைப் படுக்கவைத்து, மூன்று டிக்கெட்டுக்கும் தன் கைக்காசைப் போட்டான். அவன் வாய்தான் அப்படி. மனசு நல்லதுதான்.

தென்காசியில் ஒரு கிறிஸ்தவ டாக்டரம்மா பன்னிரண்டு கட்டில் போட்டு ஆஸ்பத்திரி நடத்திவந்தார். வராந்தாவில் காத்திருந்தவர்கள் செண்பகத்தின் முகத்தைப் பார்த்ததும் வழிவிட்டார்கள். ஒரு தாய் தன் பிள்ளையின் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

"எத்தனை நாளாச்சு?" என்றார் டாக்டரம்மா.

"நாலு நாளும்மா" என்றேன்.

"பதிமூணு நாளும்மா. பொய் சொல்லுதாவ" என்றாள் பிச்சம்மாள். கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் அவள் என்னை ஊரார் முன்னால் மறுத்துப் பேசியது அதுதான் முதல் தடவை.

டாக்டரம்மா ஒரு தாளில் மண்டையோடு வரைந்து காட்டினார். மேல் கடைவாய்ப் பல்லின் வேருக்கு மேலே, கன்ன எலும்புக்குள் காற்று மட்டும் இருக்கிற ஒரு பொந்து எல்லாருக்கும் உண்டாம். அதற்கு மேல்மாடிதான் கண் இருக்கிற குழி. நடுவில் முட்டை ஓடு கனத்துக்கு எலும்பு. வேரில் இருந்த சீழ் பொந்தை நிரப்பி, அந்த எலும்பை அரித்து, கண்ணுக்குப் பின்னால் போய்த் தேங்கிவிட்டது. இனி அங்கேயிருந்து மூளைக்கு ரொம்ப தூரம் இல்லை என்றார்.

"பல்லு எடுத்தா கண்ணுக்கு ஆவாதுன்னு..." என்று அப்போதும் ஆரம்பித்தேன்.

"கண்ணைப் பத்தி இப்பக் கேக்காதீங்க. உயிரைப் பத்திக் கேளுங்க" என்றார்.

பல் டாக்டருக்கு ஆள் போனது. மாடியில் காத்திருந்தவர்களை அப்படியே விட்டுவிட்டுச் சைக்கிளில் பையோடு வந்தார். 'அன்னைக்கே சொன்னேன்' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னை ஒரு தடவை பார்த்தார், பிறகு பார்க்கவில்லை.

பல்லைத் தொடுவதற்கு முன்னால் டாக்டரம்மா கண்ணைச் சோதித்தார். இதைக் கவனமாகப் படியுங்கள். தொடுவதற்கு முன்னால். எஸ்தர் செண்பகத்தின் நல்ல கண்ணைத் துணியால் மூடிக்கொண்டாள். டாக்டரம்மா வீங்கிய இமையைப் பிரித்து, விரல்களை நீட்டி, "இது எத்தனை விரல், சொல்லும்மா" என்றார்.

நான் கால்மாட்டில் நின்றேன். என் கை போர்வைக்குள் அவள் பாதத்தைப் பிடித்திருந்தது. மூன்று தடவை அழுத்தினேன்.

"மூணு" என்றாள்.

டாக்டரம்மா விரலை மாற்றினார். இரண்டு தடவை அழுத்தினேன். "ரெண்டு" என்றாள். பிச்சம்மாள் கதவோரத்தில் கும்பிட்டாள். எதற்காகச் செய்தேன் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. பதில் சரியாக இருந்தால் கண்ணும் சரியாக இருக்கும் என்று நினைத்தேனோ என்னவோ.

மூன்றாம் தடவை டாக்டரம்மா தன் முதுகை என் பக்கம் திருப்பி, விரல்களை நான் பார்க்க முடியாதபடி மறைத்துக்கொண்டார். செண்பகம் காத்திருந்தாள். பாதத்தை லேசாக அசைத்து என் கையைத் தேடினாள். பிறகு, "அப்பா, சொல்லுங்க" என்றாள்.

பல் டாக்டர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கையை வெளிய எடுங்க" என்றார் டாக்டரம்மா என்னிடம். டார்ச் விளக்கை அந்தக் கண்ணுக்கு நேரே பிடித்து, "வெளிச்சம் தெரியுதா கண்ணு?" என்று கேட்டார்.

"இல்ல. ராத்திரியாயிட்டா?" என்றாள் என் மகள்.

வெளியே நல்ல வெயில்.

அதற்குப் பிறகுதான் பல்லை எடுத்தார்கள். மூக்கில் மருந்துத் துணி வைத்து மயக்கினார்கள். நரம்பு, நூல் எதுவும் வரவில்லை. பல் வந்தது, அதன் பின்னால் சீழ் வந்தது. தட்டில் கால்வாசி நிறைந்தது. அந்த நாற்றத்தை எஸ்தர்கூட முகம் திருப்பித்தான் தாங்கினாள். சாயங்காலத்துக்குள் காய்ச்சல் இறங்கியது.

பதினேழு நாள் அங்கே கிடந்தோம். ஆறு மணி நேரத்துக்கு ஒரு தரம் பென்சிலின் ஊசி. ரத்தத்தில் மருந்து குறையவே கூடாதாம்; குறைந்தால் மிச்சம் இருக்கிற கிருமி எழுந்துவிடுமாம். ஊசியைக் கொதிக்கவைக்கிற சட்டியின் மூடி சத்தம் கேட்டாலே செண்பகம் தானாகத் திரும்பிப் படுத்துக்கொள்வாள். அழமாட்டாள். அழுதால் எனக்கு வேர்க்கும் என்று அவளுக்குத் தெரியும்.

மருந்துக் குப்பிகளை நாங்கள்தான் கடையில் வாங்கித் தரவேண்டும். முதல் வாரத்திலேயே பிச்சம்மாளின் கம்மல் போயிற்று. இரண்டாம் வாரம் என் சைக்கிளும் பித்தளை அண்டாவும் போயின. பக்கத்துக் கட்டிலில் கால் ஒடிந்து கிடந்த சுந்தரபாண்டியபுரத்து அம்மாள், தன் மருமகள் கொண்டுவருகிற கஞ்சியில் பாதியைத் தினமும் செண்பகத்துக்கு ஊற்றுவாள். "எனக்குப் பசிக்கல தாயி, கெழவிக்கு எதுக்கு இவ்வளவு?" என்பாள். அந்த மருமகள் ஒருநாள் சட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, மறுநாளிலிருந்து ஒன்றும் சொல்லாமல் இரண்டு சட்டி கொண்டுவந்தாள். எஸ்தர் கட்டுத் துணியில் ஒரு பொம்மை செய்து கொடுத்தாள். கணபதி டூட்டி முடிந்து இட்லிப் பொட்டலத்தோடு வருவான்.

வியாழக்கிழமை திருநெல்வேலியிலிருந்து கண் டாக்டர் வந்தார். கண்ணுக்குப் பின்னால் இருக்கிற நரம்பு, தண்ணீர்க் குழாய் மாதிரி. சீழ் அதைப் பல நாள் நெரித்துக்கொண்டு நின்றதில் ரத்த ஓட்டம் இல்லாமல் அது செத்துவிட்டது. விழி அப்படியே இருக்கும், பார்வை திரும்பாது. "ஒரு வாரம் முந்தி அந்தப் பல்லை எடுத்திருந்தா என்னைக் கூப்பிடவேண்டிய வேலையே இருந்திருக்காது" என்றார். அதைக் கேட்டவர்கள் மூன்று பேர். நான், பிச்சம்மாள், டாக்டரம்மா.

ஊருக்குத் திரும்பியபோது சாரல் முடிந்திருந்தது. கேட்க வந்தவர்கள் யாரும் கேட்கவில்லை, அவர்களே சொன்னார்கள்.

"மேல் பல்லுல கை வைக்கலாமாய்யா? ஒமக்குத் தெரியாதா?"

"டாக்டரு கண்ண அவிச்சுப்புட்டானே பாவி."

நான் வாயைத் திறக்கவில்லை. முதல் நாள் களைப்பு என்று இருந்தேன். இரண்டாம் நாள் தலையை ஆட்டினேன். ஒரு வாரத்தில், "என்ன செய்ய, விதி" என்று சொல்லப் பழகிவிட்டேன். என்னைப் பார்த்து எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். டீக்கடையில் காசு வாங்கவில்லை. அது சுகமாக இருந்தது.

"நீங்க சொல்லுதியளா, நாஞ் சொல்லட்டா?" என்றாள் பிச்சம்மாள்.

"சொல்லு. பெத்த அப்பனே கண்ண அவிச்சான்னு சொல்லு. நாளைக்கு அவளப் பொண்ணு பாக்க வாரவன்கிட்டயும் அதையே சொல்லு."

அவள் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மற்றப் பேச்சும் குறைந்துபோனது.

பள்ளிக்கூடத்தில் செண்பகத்தை 'ஒத்தக்கண்ணி' என்று கூப்பிட்டார்கள். ஒருநாள் புத்தகப் பையை வைத்துவிட்டு நேராக என்னிடம் வந்து, "அப்பா, அந்தப் பல்லு டாக்டரா எங் கண்ண எடுத்தாவ?" என்று கேட்டாள். விரல் சோதனையெல்லாம் காய்ச்சல் வேகத்தில் அவளுக்கு நினைவில்லை.

"ஆமா" என்றேன்.

டீக்கடை வேலுவின் கடைசி மகளுக்கு மேல் பல்லில் வலி வந்தபோது, அவன் என்னிடம்தான் கேட்டான். "அண்ணாச்சி, நீங்க பட்டவுக. என்ன செய்யட்டும்?" நான், "யோசிச்சுச் செய்யி வேலு" என்றேன். அவன் யோசித்தான். ஒரு மாதம் கழித்துச் சீழ் அவள் கன்னத்தை உடைத்துக்கொண்டு வெளியே வந்தது. கண் தப்பியது. கன்னத்தில் ஓட்டைக் காலணா பதித்தாற்போல் ஒரு குழி விழுந்து நிலைத்துவிட்டது.

ரத வீதி மாடிக்குப் பிள்ளைகள் போவது நின்றது. பிறகு பெரியவர்களும் குறைந்தார்கள். அடுத்த சாரலில் ஒருநாள் பல் டாக்டர் குற்றாலத்துக்கு வந்தார். நான் ஒருவர் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தேன். எதிரில் வந்து நின்று, "செண்பகம் எப்படி இருக்கா? பள்ளிக்கூடம் போறாளா?" என்று கேட்டார்.

சுற்றி நின்றவர்களில் ஒருவன், "ஏலே, இவருதாம்லே அந்தக் கண்ணப் பிடுங்குன டாக்டரு" என்றான். நாலு பேர் திரும்பினார்கள். ஒருவர் காறித் துப்பினார். டாக்டர் என் முகத்தைப் பார்த்தார். நான் சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும். நான் எண்ணெயை அழுத்தித் தேய்த்தேன்.

அந்த நேரம் பார்த்துச் செண்பகம் கிண்ணத்தோடு வந்துவிட்டாள். அவரைக் கண்டதும் கிண்ணத்தைக் கீழே போட்டாள். இரண்டு கையாலும் தன் வலது கண்ணை, நல்ல கண்ணை, இறுகப் பொத்திக்கொண்டாள். பொத்தியதும் ஒன்றும் தெரியாமல், அங்கேயே நின்று வீரிட்டாள்.

டாக்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனார். மறுமாதம் மாடியைக் காலி செய்துவிட்டு ஊரைப் பார்க்கப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

செண்பகத்துக்கு இப்போது பதினான்கு வயது. கீழ் வரிசையில் இரண்டு பல் சொத்தை. கன்னம் வீங்கினால் உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கிறாள். எந்த டாக்டரிடமும் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள். இதை எழுதி முடித்ததும் முதலில் அவளிடம்தான் படிக்கக் கொடுக்க வேண்டும். இன்னும் கொடுக்கவில்லை.

ஆஸ்பத்திரிக் கணக்கை நான்கு வருஷத்தில் தீர்த்துவிட்டேன். மருந்துக்கடையிலும் கணபதியிடமும் பாக்கி இல்லை. அன்றைக்குச் சைக்கிளில் வந்து பல்லை எடுத்த வகையில் பல் டாக்டருக்குச் சேரவேண்டியதை அவர் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. மூன்று ரூபாய்.